மலைமேல் மின்சாரம், மலைப்பாதையில் டீசல்

தமிழ்நாடு – கேரள எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் வண்டி, பெட்ரோல், கரண்ட், வெயில் பற்றியவை. ஆகவே இந்தமுறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கல்லூரி மாணவி, நெடுங்கண்டம்
கேரளத்துக்கே கரண்ட் தருவது எங்கள் இடுக்கி. ஆனால் இங்கே ஓடும் பஸ், ஜீப், லாரி எல்லாம் டீசல். இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. மூலமட்டத்தில் மலையைக் குடைந்து கட்டிய நிலையத்தில் ஆறு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 130 மெகாவாட். மொத்தம் 780. 1976 முதல் ஓடுகிறது. பள்ளிவாசல் அதற்கும் மூத்தது, 1940. ராமக்கல்மேட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் காற்றைப் பிடித்து 14.25 மெகாவாட் தருகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கினால் லோயர்கேம்ப். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் 1958 முதல் தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. இத்தனையும் கம்பி வழியே சமவெளிக்கு இறங்குகிறது. பதிலுக்கு டேங்கர் லாரி டீசலைச் சுமந்துகொண்டு, டீசலை எரித்துக்கொண்டு, மலை ஏறுகிறது.

காரணம் எளியது. மின்பேருந்து பெரும்பாலும் முதலில் பெரிய நகரத்துக்குத்தான் போகும். பெரிய எண்ணிக்கையில் திருவனந்தபுரத்துக்கு 2022-ல் வந்தது, சென்னைக்கு 2025-ல் வந்தது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் உள்ள ஊரில்தான் மின்வண்டிக்குப் பலன் அதிகம். அதை அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

மளிகைக் கடைக்காரர், போடிநாயக்கனூர்
மின்சாரக் கார் போடிமெட்டு ஏறுமா? பாதியில் நின்றுவிட்டால் பதினேழு கொண்டை ஊசி வளைவில் யார் தள்ளுவது?

ஏறும். யாரும் தள்ள வேண்டியதில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு டன் எடையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க 2.7 யூனிட் வேண்டும். இது இயற்பியல் விதி. எந்த நிறுவனமும் கூட்டிக் குறைக்க முடியாது. போடிக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். ஆட்களோடு சேர்த்து உங்கள் கார் 1.6 டன் என்றால் ஏற்றத்துக்கு மட்டும் 4.4 யூனிட். சாலை உராய்வும் காற்றும் இன்னும் இரண்டு மூன்று யூனிட் கேட்கும். ஆக ஏழு. சின்ன மின்காரிலேயே இருபத்தைந்து, முப்பது யூனிட் பேட்டரி வருகிறது. கால்வாசி செலவோடு மெட்டில் டீ குடிக்கலாம்.

விசேஷம் இறங்கும்போது. பெட்ரோல் கார் ஏறுவதற்குச் செலவழித்த சக்தியெல்லாம் இறக்கத்தில் பிரேக்கில் சூடாகப் போய்விடும். பிரேக் தீய்ந்த வாசனை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். மின்காரில் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிடித்ததைப் பேட்டரிக்குள் போடும். இரண்டு மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும்.

சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. 2018 முதல் அங்கே ஒரு பெரிய மின்சார டம்பர் ஓடுகிறது. காலியாக மேலே போய், பாரத்தோடு கீழே இறங்குகிறது. அதனால் ஏறும்போது செலவழிப்பதைவிட இறங்கும்போது அதிகம் சேர்க்கிறது. ஏலமும் மிளகும் தேயிலையும் காலங்காலமாக மேலிருந்து கீழே வருகிற ஊர் நம்முடையது. இந்தத் தொழில்நுட்பம் எந்த ஊருக்குப் பொருந்தும் என்று கேட்டால் நான் கைகாட்டுவது போடிமெட்டைத்தான்.

ஒரு எச்சரிக்கை: மேலே வீடு இருந்து அங்கேயே பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் சக்தியைப் போட இடம் இருக்காது. எண்பது, எண்பத்தைந்து சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

ஏலத்தோட்டத் தொழிலாளி, தேவாரம்
ஐயா, விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மெட்டு தாண்டி ஏலக்காட்டு வேலைக்குப் போறோம். ஒரு வண்டியில் பதினாலு, பதினஞ்சு பேர். ஜீப் புகைதான் மலையைக் கெடுக்குதுன்னு டி.வி.யில் சொல்றாங்க. எங்களாலயா கெடுது?

இல்லம்மா. கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. பாரம் ஏற்றிய ஜீப் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 340 கிராம். பதினாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 25 கிராமுக்குள். கொச்சியிலிருந்து தனியாக ஒருவர் பெட்ரோல் காரில் மூணாறு பார்க்க வந்தால் அவர் பங்கு கிலோமீட்டருக்கு 150 கிராமுக்குக் குறையாது. அவர் ஒருவர் விடும் புகையில் நீங்கள் ஆறு பேர் வேலைக்குப் போய்விடுகிறீர்கள்.

ஆனால் உங்களை நெருக்கி அடைத்ததால் மிச்சமான புகையை நான் சாதனையாக எழுத மாட்டேன். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில், பனிமூட்டத்தில், இருட்டோடு இருட்டாக வளைவு திரும்புகிறீர்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூன்று பாதையிலும் தினமும் இதுதான் நடக்கிறது. பருவநிலைக்கு மிகக் குறைவாகத் தீங்கு செய்பவர்களே பயணத்தில் மிக அதிகமாக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை இல்லை.

விடை தெரியாத பிரச்சினையும் இல்லை. போகும் நேரம் தெரியும், திரும்பும் நேரம் தெரியும், இறங்கும் இடம் தெரியும், ஏறும் ஆள் எண்ணிக்கையும் தெரியும். மின்சார மினிபஸ்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான வழித்தடம் கிடைக்காது. காலையில் ஆட்களை மேலே இறக்கிவிட்டால் மாலைவரை வண்டி சும்மா நிற்கும். அந்தப் பகல் நேரத்தில்தான் சூரிய மின்சாரம் நிறையக் கிடைக்கிறது. இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பெர்மிட் பேச வேண்டும். தோட்ட முதலாளிகள் ஜீப்புக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கை இங்கே திருப்ப வேண்டும். அதோடு ஜீப் ஓட்டும் பையன்களுக்கே அந்த மினிபஸ்ஸின் ஸ்டியரிங்கைக் கொடுக்க வேண்டும். அந்த வளைவுகள் அவர்களுக்குத்தான் தெரியும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்
தேவாரம் – சாக்குலூத்து மெட்டு சாலை போட்டால் சுற்று குறையும், டீசலும் மிச்சம். ஆதரிப்பீர்களா?

சுற்றிப்போகும் வேதனை உண்மை. ஆனால் அது காட்டுக்குள் போகும் வழி. புதுச் சாலை வந்த இடத்தில் எல்லாம் வண்டி பெருகியதே அனுபவம். முதலில் இருக்கும் மெட்டுகளில் நல்ல பஸ் ஓடட்டும். அப்படியும் குறை தீராவிட்டால் அப்போது பேசலாம்.

ஆட்டோ ஓட்டுநர், கொழிஞ்சாம்பாறை
மின் ஆட்டோ வாங்கலாமா? சார்ஜ் எங்கே போடுவது?

தினமும் எழுபது, எண்பது கிலோமீட்டருக்குள் ஓடுகிறவர் என்றால் வாங்கலாம், அண்ணா. ஒரு யூனிட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாராளமாக வரும். டீசல் விலையோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். வட்டி விகிதத்தை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். மின் ஆட்டோக் கடனுக்கு வட்டி கூடுதலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரிக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சார்ஜுக்கு: கேரள மின்வாரியம் மின்கம்பத்திலேயே சார்ஜ் பெட்டியை மாட்டியது. 2021-ல் கோழிக்கோட்டில் ஆட்டோக்காரர்களுக்காகத் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். காலை 9 முதல் மாலை 4 வரை போடுவதே நல்லது. அப்போது கட்டணமும் குறைவு, புகையும் குறைவு. மத்தியானம் சவாரி ஓய்ந்த நேரத்தில் சாப்பாட்டோடு சேர்த்து வண்டிக்கும் போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வண்டிப்பெரியார்
மின்வண்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? நெய்வேலியிலும் சத்தீஸ்கரிலும் நிலக்கரி எரித்துத்தானே? புகை இங்கே இல்லை, அங்கே. அவ்வளவுதானே வித்தியாசம்?

பாதி சரி, ஐயா. கேரளம் தன் தேவையில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்குகிறது, அதில் நிலக்கரி மின்சாரம் நிறைய. இந்தியா முழுவதும் சராசரி எடுத்தால் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு.

அதையே வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 50 கிராம். மின் ஸ்கூட்டர் 20. பெட்ரோல் கார் 150. மின்கார் 100. இரு சக்கர வண்டியில் பாதிக்கு மேல் குறைகிறது, காரில் மூன்றில் ஒரு பங்கு. பேட்டரி செய்வதில் வரும் புகையையும் கழித்தால் காரின் லாபம் இன்னும் சுருங்கும். வண்டி பெரிதாக, ஆள் ஒருவராக இருந்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாது.

இப்போது இன்னொரு எண். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் பழைய டீசல் பஸ், 45 பேரோடு போனால் தலைக்கு 15 கிராம். தனி ஆளாக மின்காரில் போகிறவரைவிட ஆறு மடங்கு குறைவு. இந்த மொத்தப் பக்கத்திலும் நான் சொல்ல நினைப்பது இதுதான்: வண்டியில் என்ன ஊற்றுகிறோம் என்பது இரண்டாவது கேள்வி, வண்டியில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பது முதல் கேள்வி. நிரம்பிய பஸ்ஸை மின்சாரத்துக்கு மாற்றினால் இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் சொன்னவர்களாவோம்.

ஹோட்டல் ஊழியர், மூணாறு
சீசனில் மாட்டுப்பெட்டி ரோட்டில் வண்டி நகரவே மணிக்கணக்காகிறது. ஊட்டி மாதிரி இ-பாஸ் கொண்டுவரலாமா?

கொண்டுவர வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். மறுவருடம் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. அரசுப் பேருந்தில் வருகிறவருக்கு அந்த வரம்பு இல்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. ஆளைத் தடுக்கவில்லை, காரைத் தடுக்கிறது.

உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ராஜமலையில் வரையாடு பார்க்கப் போகிறவர் சொந்தக் காரை வாசலோடு நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் மேலே போகிறார். யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அதே ஏற்பாட்டை மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வரை நீட்டலாம், மின்பேருந்தாகவே. குளிரில் ஓடாது என்பார்கள். இமாசலப் பிரதேசத்தில் பதின்மூன்றாயிரம் அடி உயர ரோத்தங் கணவாய்ச் சாலையில் 2017-லேயே மின்பேருந்து விட்டார்கள். திருமலை மலைப்பாதையில் 2022 முதல் ஓடுகிறது. பெருமாளைப் பார்க்கப் போனவர்கள் ஏறியிருப்பீர்கள்.

ஊழியர்கள் நலனும் இதில் இருக்கிறது. நெரிசல் குறைந்தால் தொழிலாளர் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

எஸ்டேட் பணியாளர் மகன், குண்டளை
எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ரயில் ஓடியதாமே? திரும்ப வருமா?

ஓடியது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளம்; வண்டியை இழுத்தது மாடு. 1908-ல் அதைக் குறுகிய இருப்புப்பாதையாக்கி நீராவி எஞ்சின் விட்டார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு மாட்டுவண்டியில் போடி. 1928-ல் போடிக்கே ரயில் வந்தபோது மேலே ரயில் இல்லை. 1924 பெருவெள்ளம் பாலம், பாதை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தது.

திரும்பக் கட்டும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. சுற்றுலாப் பொம்மை ரயிலாக வந்தால் எனக்கு ஆர்வமில்லை. தோட்டத்து ஆட்களும் பள்ளிப் பிள்ளைகளும் தினமும் ஏறும் வண்டியாக வந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன். கம்பிவடத்தை மட்டும் மறக்கக் கூடாது. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டு லா பாஸ் நகரம் 2014 முதல் கம்பிவடப் பெட்டிகளையே நகரப் பேருந்துபோல் நடத்துகிறது. அதுவும் மின்சாரத்தில்.

லாரி ஓட்டுநர், வாளையாறு
நாங்கள்தான் அதிகம் புகை விடுகிறோம் என்கிறார்கள். எங்களை ஓட்டச் சொல்வதும் அவர்களே.

சரியான பேச்சு. அரிசியும் காய்கறியும் நீங்கள் கொண்டுவராமல் கேரளத்தில் அடுப்பு எரியாது.

வாளையாறு செக்போஸ்டில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். இரவெல்லாம் எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். நின்றபடி ஓடும் லாரி எஞ்சின் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனை நின்றது, வரிசை கரைந்தது. பேட்டரியும் இல்லை, புது எஞ்சினும் இல்லை, ஒரு தாள் வேலையை ஒழித்ததில் இவ்வளவு டீசல் மிச்சம். புகையைக் குறைக்க எல்லா நேரமும் விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை என்பதற்கு நம் எல்லையிலேயே கிடைத்த சான்று.

உங்கள் கையில் இருப்பது: டயர் காற்று, காலிப்பயணம் குறைத்தல், நிற்கும்போது எஞ்சினை அணைத்தல். மீதி அரசாங்கத்தின் கையில்: சரக்கை ரயிலுக்கு மாற்றுவது.

மாந்தோப்புக்காரர், முதலமடை
எங்கள் மாம்பழம் நாட்டுக்கே முதலில் பழுக்கிறது. வடக்கே லாரியில்தான் போகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. என்ன செய்யலாம்?

உரக்கக் கேட்க வேண்டும். பாலக்காடு – பொள்ளாச்சி பாதை 1932-ல் போட்டது. அகலப்பாதைக்காக 2008-ல் மூடி 2015 நவம்பரில் திறந்தார்கள். இப்போது தலைக்கு மேல் மின்கம்பியும் வந்துவிட்டது. மீட்டர் கேஜ் காலத்தில் பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நின்று நின்று போன வண்டிகள் பாதை அகலமானபின் குறைந்துபோயின. கொல்லங்கோட்டுக்காரர்கள் இன்றும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செலவு செய்து அகலமாக்கி மின்மயமாக்கிய பாதையில் வண்டி ஓடாவிட்டால் பக்கத்துச் சாலையில் டீசல்தான் ஓடும். சீசனில் வாரம் இரண்டு நாள் குளிரூட்டிய பார்சல் பெட்டி கேளுங்கள். பழமும் அடிபடாது.

போடியைப் பாருங்கள். 2010 டிசம்பர் கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூன் 15-ல் திரும்பியது. சென்னைக்கு வாரம் மூன்று நாள் வண்டி. ரயிலே இல்லாத இடுக்கி மாவட்டத்துக்கு அதுவே கைக்கெட்டும் ஸ்டேஷன். ரயில் நேரத்தோடு சேர்த்து பூப்பாறை, மூணாறுக்கு ஒரு பஸ் விட்டால் எத்தனை கார் கீழேயே நிற்கும்!

ரயில் பயணி, எட்டிமடை
ரயில் நல்லது என்கிறீர்கள். யானையை மோதிக் கொல்வதும் ரயில்தானே?

வலிக்கிற கேள்வி. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மூன்று யானைகள் ஒரே மோதலில் இறந்தன. மின்சார ரயில் என்பதால் அந்தப் பழி இல்லாமல் போகாது. புகை குறைவான பயணம் என்று நாம் பெருமைப்படும் ஒன்று காட்டைக் கொன்றுகொண்டு ஓட முடியாது.

செய்யக்கூடியது இருக்கிறது, செய்தும் வருகிறார்கள். மதுக்கரை வனப்பகுதியில் 2024 பிப்ரவரி முதல் கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. யானை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் போகிறது. யானைகள் கடக்கத் தண்டவாளத்துக்கு அடியில் வழியும் அமைத்திருக்கிறார்கள். இரவில் வேகத்தைக் குறைத்தால் உங்கள் வண்டி சில நிமிடம் தாமதமாகும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவசாயி, எலப்புள்ளி
எத்தனால் கலந்த பெட்ரோல் பசுமை எரிபொருள் என்கிறார்கள். எங்கள் ஊரில் எத்தனால் ஆலை வேண்டாம் என்கிறோம். நாங்கள் பசுமைக்கு எதிரிகளா?

இல்லவே இல்லை. பிளாச்சிமடை உங்களுக்குப் பக்கத்து ஊர். 2000-ல் வந்த கொக்கோகோலா ஆலை கிணறுகளை என்ன செய்தது, மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் ஊரைத் திரட்டி எப்படிப் போராடினார், 2004-ல் ஆலை எப்படி நின்றது என்பது பாலக்காட்டுக்காரர் யாருக்கும் மறக்காது. 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை எலப்புள்ளியில் மது, எத்தனால் ஆலைக்கு முதற்கட்ட அனுமதி கொடுத்தபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி தண்ணீர் எங்கே என்பது. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, பயிருக்குப் பாய்ச்சுவதையும் சேர்த்து, 2,800 லிட்டருக்கு மேல் தண்ணீர் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. மழைநிழலில் இருக்கும் உங்கள் பகுதியில் நிலத்தடி நீருக்கு ஏற்கெனவே நெருக்கடி. அங்கே நீரைக் கொடுத்து வண்டிக்கு எரிபொருள் வாங்குவது நஷ்ட வியாபாரம். அதே பாலக்காட்டில் வெயிலும் கணவாய்க் காற்றும் தாராளம். கஞ்சிக்கோட்டில் 1995-லேயே மின்வாரியம் காற்றாலை நட்டது. தண்ணீர் கேட்காத எரிபொருள் கையிலிருக்கும்போது தண்ணீர் குடிக்கும் எரிபொருள் எதற்கு?

இல்லத்தரசி, தேவிகுளம்
நாங்கள் நாலு பேர் பஸ்ஸில் போவதால் பருவநிலை மாறிவிடுமா?

நாலு பேரால் மாறாது. ஆனால் மாறிக்கொண்டிருக்கும் பருவநிலை உங்கள் நாலு பேரையும் தேடி வருகிறது. 2018 ஆகஸ்டில் 26 வருடம் கழித்து இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகு திறந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர்கள். 2024 கோடையில் ஏலச்செடிகள் ஏக்கர் ஏக்கராகக் கருகின, பாலக்காட்டில் வெப்ப அலை அறிவிப்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பருவநிலை மாற்றம் எவ்வளவு காரணம் என்பது விஞ்ஞானிகள் அளந்து சொல்ல வேண்டியது. கனமழையும் கடும் வெயிலும் கூடுகின்றன என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

பஸ்ஸில் நாலு பேர் கூடினால் டிப்போ மேலாளர் அந்த ட்ரிப்பை நிறுத்தத் தயங்குவார். மலை ஊரில் அதுவே பெரிய விஷயம்.

ஐயப்ப பக்தர், கம்பம்
சீசனில் குமுளிப் பாதை வண்டியால் அடைபடுகிறது. ஒரு யோசனை?

குழுவாக ஒரே பஸ்ஸில் போங்கள். கம்பம்மெட்டு வழியாக ஏறு, குமுளி வழியாக இறங்கு என்று போலீஸ் போடும் ஒருவழி ஏற்பாட்டை மதியுங்கள். நிலக்கல்லிலிருந்து பம்பைக்கு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் போங்கள்; 2018-ல் அங்கே மின்பேருந்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். விரதம் இருக்கும் நாற்பத்தொரு நாளும் பக்கத்துக் கடைக்கு நடந்தே போவேன் என்று ஒரு நேர்த்தி சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எட்டாம் வகுப்பு மாணவன், மறையூர்
பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர். அப்பா பைக்கில் கொண்டு விடுகிறார். சைக்கிள் கேட்டால் ஏற்றம் என்கிறார்.

போகும்போது ஏற்றம் என்றால் திரும்பும்போது இறக்கம்தானே, தம்பி! பிரேக் இரண்டும் சரியாகப் பிடிக்கிறதா என்று அப்பாவையே பார்க்கச் சொல். மழை நாளில் மட்டும் அவர் பின்னால் உட்கார்ந்துகொள்.